காலை மோட்டாரும் ஹீட்டரும்: கிருஷ்ணகிரி வீட்டில் ஒரு சின்ன ஆட்டோமேஷன்

ஓசூர் பஸ்ஸை 7 மணிக்குப் பிடிக்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் நாலே முக்காலுக்கு யாராவது ஒருவர் எழுந்து மோட்டாரைப் போட்டாக வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் நான்தான். வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம், வேலை ஓசூரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். சுமார் 50 கிலோமீட்டர்தான் தூரம், ஆனால் மேலுமலை ஏற்றத்தில் ஒரு லாரி மக்கர் பண்ணி நின்றுவிட்டால் சூளகிரி தாண்டுவதற்குள் அன்றைய கணக்கே மாறிவிடும், அதனால் 7 என்றால் 7தான். வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. பையன் ஐந்தாம் வகுப்பு. அத்தை எங்களோடு இருக்கிறார், காலையில் முதல் காபி அவருக்குத்தான் போகும்.

யூடியூபில் ஹோம் ஆட்டோமேஷன் என்று தேடினால் திரைச்சீலை தானாக விலகுகிறது, காபி மெஷின் தானாக ஓடுகிறது, லைட் நிறம் மாறுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் வீட்டில் காபி என்றால் பாக்கெட் பாலை வாங்கிவந்து காய்ச்சி, டிகாஷன் இறக்கி, ஆற்றிக் கொடுப்பது, அதை எந்த பிளக்கும் செய்யப்போவதில்லை. அதனால் எதையும் வாங்குவதற்கு முன் சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் ஒரு வேலை செய்தேன். காலையில் எந்தெந்த வேலைக்காகக் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து போகிறேன் என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தேன். புதிதாக ஆரம்பிக்கிற யாருக்கும் நான் சொல்வது இதுதான், கொஞ்ச நாள் எழுதிப் பாருங்கள். என் பட்டியலில் பாதி வேலை பையனை எழுப்புவது, அவன் பெல்ட்டைத் தேடுவது, தோசையைத் திருப்புவது. அதெல்லாம் அப்படியேதான் இருக்கும். மிச்சத்தில் திரும்பத் திரும்ப வந்தவை மூன்று: மோட்டார் போடவும் நிறுத்தவும் போவது, ஹீட்டர் போடவும் நிறுத்தவும் போவது, இருட்டில் போர்டிகோ லைட்டையும் மாடிப்படி லைட்டையும் போடுவது. இதில் போடப் போவதைவிட நிறுத்தப் போவதுதான் மனதில் பாரமாக இருந்தது. தோசை கல்லில் இருக்கும்போதுதான் மேலே தொட்டி நிரம்பி சன்ஷேடில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்.

முதலில் ஹீட்டரை எடுத்துக்கொண்டேன், சுலபம் என்பதால்.

எங்களுடையது 15 லிட்டர் தொட்டி உள்ள கீசர், 2000 வாட்ஸ். நாலே முக்காலுக்கு எழுந்ததும் போட்டுவிடுவது, கடைசி ஆள் குளித்த பிறகு ஞாபகம் வந்தால் அணைப்பது என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையில் எவ்வளவு நேரம் தேவை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். மார்கழியில் தொட்டித் தண்ணீர் 20 டிகிரி என்று வைத்து, அதை 50க்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் 15 × 4.2 × 30, ஆக 1890 கிலோஜூல். 2 கிலோவாட் ஹீட்டர் அதைக் கொடுக்க 945 நொடி, அதாவது 16 நிமிடம்தான். கொஞ்சம் வீணாவதைச் சேர்த்தாலும் 20. நாங்களோ ஒன்றரை மணி நேரம் போட்டு வைத்திருந்தோம். சூடு ஏறியதும் உள்ளே இருக்கிற தெர்மோஸ்டாட் அணைத்துவிடும், அதனால் அந்த ஒன்றரை மணி நேரமும் முழுக்கக் கரண்ட் எடுக்காது, ஆனால் ஆறுவதும் சூடாவதுமாக விட்டு விட்டு எடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

இதற்கு ஒரு 16 ஆம்பியர் வைஃபை பிளக், அதாவது போனிலிருந்து போடவும் அணைக்கவும் நேரம் வைக்கவும் முடிகிற பிளக், போதும். 2000 வாட்ஸ் என்றால் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கும் கொஞ்சம் குறைவு. கடையில் 6, 10 ஆம்பியர் பிளக்குகளும் பக்கத்திலேயே விலை குறைவாகத் தொங்கும், ஹீட்டருக்கு அதைத் தொடவே கூடாது. 3000 வாட்ஸ் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 13 ஆம்பியர் எடுக்கும், அதற்கு 16 ஆம்பியர் பிளக்கூட எனக்கு மனசு ஒப்பாது, எலக்ட்ரீஷியனை வைத்துக் காண்டாக்டர் (அதிகக் கரண்டைத் தாங்குகிற பெரிய மின் ஸ்விட்ச்) போடுவதுதான் சரி. அப்புறம் பிளக்கைவிட முக்கியம் சுவரில் இருக்கிற சாக்கெட். பழைய சாக்கெட்டில் பின் தொளதொளவென்று ஆடினால் அந்த இடம்தான் சூடாகி உருகும். மாட்டிய புதிதில் ஹீட்டர் முழு நேரமும் ஓடி முடிந்ததும், சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, பிளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டை மாற்றும் வரை அதைப் பயன்படுத்த வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பக்கெட்டில் போடுகிற ராடு இருக்கிறதே, அதை எக்காரணம் கொண்டும் டைமரிலோ வைஃபை பிளக்கிலோ கொடுக்காதீர்கள். அத்தை முழங்கால் வலிக்கு வெந்நீர் வைக்க ராடுதான் வைத்திருக்கிறார், இதையும் மாட்டிவிடும்மா என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். பக்கெட்டில் தண்ணீர் இல்லாமல் ஓடினால் பிளாஸ்டிக்கை எரித்துவிடும், தண்ணீர் இருந்தால் ஓடுவது தெரியாமல் யாராவது கை வைத்துவிடுவார்கள். பக்கத்தில் ஆள் நின்று பார்த்துக்கொள்ள வேண்டிய சாமானை ஆள் இல்லாமல் ஓட விடுவதற்குப் பெயர் வசதி இல்லை.

பிளக்கை மாட்டினால் போனில் கண்டுபிடிக்காது. இது எல்லாருக்கும் வருகிற தொந்தரவு. இந்த மலிவு பிளக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் பேசும். இப்போதைய ரூட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுக்கும், போன் 5இல் ஒட்டிக்கொண்டிருக்கும், பிளக் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும். ரூட்டர் செட்டிங்கில் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, போனை 2.4க்கு மாற்றி, பிறகு சேர்த்தால் உடனே சேர்ந்துவிடும். எங்கள் குளியலறை வீட்டின் பின்பக்கம், நடுவில் இரண்டு காங்கிரீட் சுவர், சிக்னல் ஒரு கோடுதான் வந்தது. 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 சுவரைத் தாண்டிக் கொஞ்சம் நன்றாகப் போகும் என்பதால் அதுவாவது வந்தது. ரூட்டரை டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து எடுத்து ஹாலின் பரண் மேல் வைத்ததும் சரியாகிவிட்டது.

அதற்குப் பிறகு செட்டிங்கில் இரண்டு இடம் மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒன்று, கரண்ட் போய் வந்தால் பிளக் எந்த நிலையில் எழ வேண்டும் என்பது. ஆன், ஆஃப், முன்பிருந்த நிலை என்று மூன்று இருக்கும். ஹீட்டருக்கும் மோட்டாருக்கும் ஆஃப் வையுங்கள், யோசிக்கவே வேண்டாம். ஐந்தரைக்குக் கரண்ட் போய், எல்லோரும் கிளம்பிய பிறகு பத்து மணிக்கு வந்து, ஹீட்டர் தானாக எழுந்து ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்? இரண்டாவது, போட்டதும் இத்தனை நிமிடத்தில் தானாக அணை என்கிற வசதி. சில ஆப்களில் இன்ச்சிங் என்று இருக்கும், சிலவற்றில் ஆட்டோ ஆஃப் என்று இருக்கும். 5 மணிக்குப் போடு, 5.25க்கு அணை என்று இரண்டு டைமர் வைப்பதைவிட இது நல்லது. ஏனென்றால் பல பிளக்குகளில் இந்த எண்ணிக்கை பிளக்கின் உள்ளேயே நடக்கிறது, நடுவில் நெட் போனாலும் நேரம் முடிந்ததும் அணைந்துவிடும். உங்கள் பிளக் அப்படிச் செய்கிறதா என்று சோதிப்பதும் சுலபம்: 2 நிமிடம் வைத்து ஆன் செய்துவிட்டு ரூட்டரைப் பிடுங்கிவிடுங்கள், அணைகிறதா பாருங்கள்.

ரூட்டரை இன்வெர்ட்டர் லைனில் மாற்றிவிட்டோம். இந்தச் சின்னப் பிளக்குகளுக்குள் பெரும்பாலும் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, கரண்ட் போய் வந்தால் இணையத்தில்தான் நேரம் கேட்கும். ரூட்டர் விழித்திருந்தால்தான் அதற்கு மணி தெரியும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரூட்டருக்கென்றே விற்கிற 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் வாங்கிக்கொள்ளலாம்.

இனி மோட்டார். விஷயம் இதில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இரண்டு தண்ணீர். போர் தண்ணீர் ஒன்று, புழங்க. வாளியில் ஒரு வாரம் விட்டால் விளிம்பில் வெள்ளையாக உப்பு படியும். இன்னொன்று ஒகேனக்கல் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் காவிரித் தண்ணீரை இங்கே கொண்டுவந்த திட்டம், 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. (போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டினால் இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும்.) குழாயில் வருகிற இந்தத் தண்ணீரைக் கீழே சம்ப்பில் பிடித்து, அரை ஹெச்பி மோட்டாரால் மாடியில் இருக்கிற 1000 லிட்டர் தொட்டிக்கு ஏற்றுகிறோம்.

மோட்டாருக்கும் ஒரு வைஃபை பிளக் மாட்டிவிடலாம் என்ற யோசனையோடு, வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். பிளக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல மோட்டாரப் போட்டா போடுறது நல்லாத்தாங்க போடும், நிறுத்தும்போதுதான் வம்பு.”

“ஏன்ணா, 16 ஆம்பியர்னு போட்டிருக்கே, மோட்டார் 4 ஆம்பியர்கூட எடுக்காதே?”

“அது ஓடும்போதுங்க. எடுக்கிற நொடியில அஞ்சாறு மடங்கு இழுக்கும். உள்ள ஸ்விட்ச் மாதிரி இருக்கிறது இத்தனூண்டு ரிலே, தினமும் அப்படி இழுத்தா ஒருநாள் பாயிண்ட் ஒட்டிக்கும். போன்ல ஆஃப்னு காட்டும், மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும்.”

அவர் சொன்னதும்தான் எனக்கு இந்த வேலை முழுக்கப் புரிந்தது. போடுவதை நெட்டிடம் விடலாம். ஒருநாள் நெட் போடாவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை, எழுந்து போய்ப் பழையபடி நாமே போட்டுக்கொள்வோம். நிறுத்துவதை நெட்டிடம் விடக் கூடாது. தொட்டி நிரம்பியது தொட்டிக்குத்தான் தெரியும், சம்ப் காலியானது சம்ப்புக்குத்தான் தெரியும், நிறுத்துகிற வேலை அங்கேயே இருக்க வேண்டும். ஹீட்டருக்கு தெர்மோஸ்டாட் எப்படியோ, அப்படி.

கடைசியில் செய்த ஏற்பாடு இது. மோட்டாருக்கான கரண்ட் ஒரு காண்டாக்டர் வழியாகப் போகிறது. அந்தக் காண்டாக்டரை இழுத்துச் சேர்க்கிற கம்பிச் சுருள் (காயில்) 24 வோல்ட், அதற்கு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர். 24 வோல்ட் வயர் மாடித் தொட்டியில் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் (தண்ணீர் மட்டத்தோடு மிதந்து ஏறி இறங்கிக் கரண்டைச் சேர்க்கவும் பிரிக்கவும் செய்வது), சம்ப்பில் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச், இரண்டையும் வரிசையாகத் தொட்டுவிட்டுக் காயிலுக்கு வருகிறது. மேலே நிரம்பினாலோ கீழே உறிஞ்சு குழாயின் அடிமுனை (ஃபுட் வால்வு) தெரியும் அளவுக்குத் தண்ணீர் இறங்கினாலோ, எது முதலில் நடந்தாலும் மோட்டார் நின்றுவிடும். சம்ப் ஃப்ளோட் இல்லாவிட்டால் தண்ணீரில்லாமல் ஓடி மோட்டார் சீல் போய்விடும், இதை விட்டுவிட்டு மேலே மட்டும் ஃப்ளோட் போடுகிற வீடுகள் நிறைய. 230 வோல்ட் வயரையே ஃப்ளோட்டோடு தண்ணீரில் விடுவதும் உண்டு. குடிக்கிற தண்ணீர், எலி கடித்த வயர், நினைத்தாலே பயமாக இருக்கிறது. 24 வோல்ட் போட்டதற்கு அதுதான் காரணம். அதோடு மெயினில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற ஸ்விட்ச்) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு இல்லாமல் இருந்தது, இந்தச் சாக்கில் போட்டுவிட்டோம்.

இதில் வைஃபை எங்கே வருகிறது? பழைய மோட்டார் ஸ்விட்சுக்குப் பக்கவாட்டில் இணையாக ஒரு சின்ன வைஃபை ரிலே, அவ்வளவுதான். அது டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுக்கிறது, மோட்டாரின் பாரம் அதன் மேல் இல்லை. அத்தை ஸ்விட்சைப் போட்டாலும் மோட்டார் ஓடும், நாலே முக்காலுக்கு ரிலே போட்டாலும் ஓடும், எப்படிப் போட்டாலும் நிறுத்துவது ஃப்ளோட். ரிலே மாட்ட ஸ்விட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் வந்திருக்க வேண்டும். சாக்கெட் இருக்கிற போர்டில் கட்டாயம் இருக்கும், வெறும் லைட் ஸ்விட்ச் மட்டும் இருக்கிற பெட்டிகளில் பெரும்பாலும் இருக்காது. மாடிப்படி லைட்டை நான் விட்டதற்கு அதுதான் காரணம், அதற்கென்று சுவரை உடைக்க மனமில்லை.

தண்ணீர் அளவைப் போனில் சதவீதமாகக் காட்டும் சென்சார் வைக்கலாமே என்று மேல்வீட்டுத் தம்பி சொன்னான், பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் படிக்கிறான், ஆர்வமான பையன். கம்பி வைத்து அளக்கிற வகை எங்கள் தண்ணீருக்கு ஆகாது, கம்பியில் படிவு ஏறிக் கொஞ்ச நாளில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே அதற்குத் தெரியாமல் போகும். மேலிருந்து ஒலி அனுப்பி அளக்கிற சென்சார் நல்லது, ஆனால் மூடிய தொட்டிக்குள் மூடியில் வியர்த்துச் சொட்டும், அதனால் தண்ணீர் புகாத வகைதான் தாங்கும். எனக்கு சதவீதம் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஃப்ளோட் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஃப்ளோட்டே ஒருநாள் சிக்கிக்கொண்டால்? அதற்கு ரிலேயில் ஆட்டோ ஆஃப் நேரம். எவ்வளவு வைப்பது என்று ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். மாடியில் தொட்டிக் குழாயின் வாயில் பக்கெட்டைப் பிடித்தேன், 15 லிட்டர் நிரம்ப 25 நொடி. அப்படியானால் நிமிடத்துக்கு 36 லிட்டர், 1000 லிட்டர் காலித் தொட்டி நிரம்ப 28 நிமிடம். 40 வைத்திருக்கிறேன். இந்த எண்ணைச் சுவரில் ஸ்விட்சுக்கு மேலே மார்க்கரில் எழுதியும் வைத்தாயிற்று, மோட்டார் அதற்கு மேல் ஓடினால் ஏதோ கோளாறு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும்.

லைட்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போர்டிகோ லைட் 4.45க்கு எரிந்து, விடிந்ததும் சூரியோதய நேரத்தைப் பார்த்துத் தானாக அணைகிறது. முதல் நாள் அத்தை, “என்னம்மா பேய் வீடு மாதிரி தானா எரியுது” என்றார், இப்போது எரியாவிட்டால்தான் கேட்கிறார். ஆள் நடமாட்டம் பார்த்து எரிகிற சென்சார் ஒன்றைக் கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். உடல் சூட்டை வைத்துக் கண்டுபிடிப்பது அது, தெருநாய்க்கும் உடல் சூடு உண்டு. கழற்றி ஸ்டோர் ரூமுக்குள் மாட்டியதும் அருமையாக வேலை செய்கிறது. பேசினால் கேட்கிற ஸ்பீக்கர் வாங்கவில்லை. அத்தை தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார், அதற்கு எந்த மொழியில் கட்டளை போடுவது?

ஹோம் அசிஸ்டன்ட் பற்றிக் கேட்பீர்கள். வீட்டுக் கருவிகளை எல்லாம் ஒரே இடத்திலிருந்து நடத்துவதற்காக 2013இல் பவுலஸ் ஸ்கவுட்சன் ஆரம்பித்த இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். வீட்டுக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரில் ஓடும், அதற்கு ஏற்ற கருவிகளாக இருந்தால் இணையம் இல்லாமலும் வேலை நடக்கும். மேல்வீட்டுத் தம்பிதான் எங்கள் பழைய லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். நல்ல சாமான்தான், ஆனால் அதில் ஆரம்பிக்காதீர்கள். முதல் பிளக்கும் ஃப்ளோட்டும் மாட்டி, அது உங்கள் காலையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு, கம்பெனிக்கு ஒரு ஆப் என்று போன் நிறைந்து எரிச்சல் வரும்போது போய்க்கொள்ளலாம். வாங்கும்போதே இணையமில்லாமல் வேலை செய்யுமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், பின்னால் அலைச்சல் மிச்சம்.

கரண்ட் பில் குறையும் என்று யாராவது சொன்னால் ஹீட்டருக்கு மட்டும் நம்புங்கள். ரிலேயும் பிளக்கும் சும்மா இருக்கும்போதே ஆளுக்கு ஒரு வாட் அளவில் எடுக்கும். ஒரு வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒன்றரை யூனிட் போல வரும். நாலைந்து மாட்டினால் ஆறேழு யூனிட். பெரிதில்லை, ஆனால் வீட்டில் இருக்கிற பத்து ஸ்விட்சுக்கும் போடுவேன் என்று கிளம்பினால், இரண்டு மாதத்துக்குக் கிடைக்கிற இலவச யூனிட்டில் இதற்கும் ஒரு பங்கு போகும். செலவில் பெரிய பங்கு வைஃபை சாமான்களுக்கு ஆகவில்லை. காண்டாக்டர், டிரான்ஸ்பார்மர், நல்ல ஃப்ளோட் இரண்டு, ஆர்சிசிபி, அண்ணன் கூலி, இதற்குத்தான் போனது. அதில் குறைக்க முயல வேண்டாம்.

இப்போது நான் எழுவது ஐந்தே காலுக்கு. மோட்டார் ஓடி நின்றிருக்கும், ஹீட்டரும் வேலையை முடித்திருக்கும். பையனை எழுப்ப அவன் அறை லைட்டை மெல்ல மெல்லப் பிரகாசமாக்கிப் பார்த்தேன், போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான், அது அத்தை இலாகாவாகவே தொடர்கிறது.

கடைசியாகச் சேர்த்தது ஒரு பொத்தான். பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் போட்டால், காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது, அன்றைக்குத் துணி துவைப்பது முதல் எல்லாமே முன்னாடியே முடிய வேண்டும். அதற்காகச் சமையலறைச் சுவரில் பேட்டரியில் ஓடுகிற சின்னப் பொத்தான் ஒன்றை ஒட்டி, மேலே “நாளை கரண்ட் இல்லை” என்று எழுதி வைத்திருக்கிறேன். முந்தின நாள் ராத்திரி அமுக்கினால் மறுநாள் மோட்டார் காலையில் ஒரு தடவையும், எட்டரைக்கு இன்னொரு தடவையும் ஓடித் தொட்டியைத் தளும்ப வைத்துவிடும், ஹீட்டரும் அரை மணி முன்னதாக ஓடும். போன் பக்கமே வராத அத்தைதான் வீட்டில் பேப்பரை வரி விடாமல் படிப்பவர், அதனால் அந்தப் பொத்தான் முழுக்க அவர் பொறுப்பு. இப்போது ராடுக்கும் இதே மாதிரி ஒரு பொத்தான் வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் இன்னும் முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.